லோங்காங் ஓரத்துக் காட்டுச்செடி

1

வருஷத்துக்கு ஒருமுறை, நான் இந்த நாட்டுக்கு விருந்தாளி என்பதை மரியாதையாக நினைவுபடுத்துவார்கள். இன்று காலை அது நடந்தது. சிரம்பானில் குடிநுழைவு அலுவலக முகப்பில் என் கணவர் சேகர் என் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் என் மனைவிதான் என்று இன்னொரு முறை உறுதி சொன்னார். எனக்குத் தந்திருக்கும் அனுமதிக்குப் பெயர் ‘சமூக வருகை’. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் சேகர் வீட்டுக்கு வருகை தந்துகொண்டிருக்கிறேன். வந்த இடத்தில் சமைத்தேன், துவைத்தேன், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தேன், மாமனாரைக் கடைசி மூச்சு வரை பார்த்து அனுப்பினேன். விருந்தாளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “சுடா லாமா, காக்?” என்றாள். ரொம்ப நாளாச்சா அக்கா என்று அர்த்தம்.

“லாமா,” என்றேன். ரொம்ப நாள்.

அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். இன்னும் ஒரு வருஷம் ரொம்ப நாளாகலாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்தச் செடி ஞாபகம்தான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் எந்த அனுமதியும் கேட்காமல், பிறந்த மண்ணிலேயே நிற்கும் ஒரே ஆள் அதுதான். போன தீபாவளிக்கு முன்னால் அதைத்தான் வெட்ட வந்தார்கள்.

2

எங்கள் வீடு மம்பாவ் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் விளிம்பில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் கடைசி வரிசையில் இருக்கிறது. சேகர் இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். லயம் போய்விட்டது, அவர் போகவில்லை. இன்றும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிதான் ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் லோங்காங். சாக்கடை என்று மொழிபெயர்த்தால் பாவம் வந்து சேரும். மழைத் தண்ணீரும் தோட்டத்து ஊற்றும் கலந்து ஓடும் வாய்க்கால் அது. வற்றவே வற்றாது.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காரி. தண்ணீர் வரும் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடிய தெருவில் வளர்ந்தவள். வந்த புதிதில் இந்த லோங்காங் இரவும் பகலும் ஓடுவதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வராது. யாரோ குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போனதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாராவது மூடுங்களேன் என்று எழுந்து போகத் தோன்றும்.

ஒருநாள் கோலா பிலா போகும் சாலையில் எங்கள் காரின் டயர் போயிற்று. சேகர் குனிந்து டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் சாலையோரச் சரிவைப் பார்த்தேன். ஈரம் கசியும் மண்ணில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடிக்கூட்டம். தண்டு நேராக ஏறாமல் திருகிக்கொண்டு ஏறியது; இலைகள் அதைச் சுற்றிச் சுருள் படிக்கட்டுபோல் மேலே போயின. உச்சியில் செங்கல் சிவப்பில் ஒரு கூம்பு. கூம்பிலிருந்து ஒரே ஒரு வெள்ளைப் பூ, கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் மாதிரி.

“இது என்ன?”

சேகர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “களை.”

“பேரு?”

“களைக்குப் பேரு களைதான். சின்னப் பிள்ளையில இதை வெட்டி வெட்டியே வளர்ந்தேன்.”

இஞ்சி போலிருந்த கிழங்கில் ஒரு துண்டை ஒடித்து, நாசி லெமாக் சோறு மடித்து வந்த காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தேன். மலாய்க்காரர்கள் இதைச் செதாவார் என்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. விசேஷங்களில் இதன் இலைக் கொத்தால் தண்ணீர் தெளித்து வாழ்த்துவார்களாம். நம் மலையடிவாரங்களிலும் இது உண்டு, கோஷ்டம் என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே செடி, இரண்டு இடத்திலும் சொந்தக்காரி. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வளர்ப்பு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரை நிழல் வேண்டும். வேர் காயக் கூடாது. தண்டை வெட்டி ஈர மண்ணில் படுக்கப் போட்டால்கூடக் கணுவுக்குக் கணு முளைக்கும். லோங்காங் ஓரத்தில் வைத்தேன். இரண்டு வருஷத்தில் அது என் தோளுக்கு மேல் போய், பின்பக்கத்து வேலியை விழுங்கி, பக்கத்து வீட்டுக்காரர்களின் பேச்சுக்கும் ஒரு பொருளாயிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்தை வாழவைத்த ரப்பர் தென்னமெரிக்கா; இப்போது வாழவைக்கும் செம்பனை ஆப்பிரிக்கா. இரண்டுக்கும் உரம் உண்டு, மருந்து உண்டு, எண் எழுதிய பலகை உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்த செதாவாருக்குக் கத்தி மட்டும்தான். ஊரிலும் கதை வேறில்லை. எங்கிருந்தோ வந்த சீமைக் கருவேலம் எங்கள் கண்மாய் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது, அதன் கடவுச்சீட்டை யாரும் கேட்டதில்லை.

3

செடி வந்தது. அதன் பின்னால் ஒரு சனமே வந்தது.

முதலில் எறும்புகள். பூக்கும் முன்பே அந்தச் சிவப்புக் கூம்பில் இனிப்பு கசியும். எறும்புகள் காவலுக்கு நின்று குடிக்கும். பிறகு கறுப்புத் தச்சுத் தேனீ, பெரிய சைஸ். விடிந்ததும் மோட்டார் சைக்கிள் மாதிரி வந்து பூவுக்குள் தலைகீழாக விழுந்து, மகரந்தம் பூசிய முதுகோடு வெளியேறும். அதற்குப் பின் தேன்சிட்டு. ஒரு சின்னப் பச்சைப் புழு இலையின் ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே குடியிருந்து, வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகக் காலி செய்துவிட்டுப் போனது. பூ உதிர்ந்து காய் வெடித்தால் கறுப்பு விதையும் வெள்ளைச் சதையும்; அதை இழுத்துப் போக மறுபடி எறும்பு. அடியில் ஈரத்தில் தவளைகள். கொசுவைத் தின்னும் தவளைகள் என்று அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு இனிமேல்தான் வருகிறது.

கடைசியாக அந்த ஜோடி. இங்கே ருவாக்-ருவாக் என்பார்கள், கத்துவதே அப்படித்தான். நம் கானாங்கோழி. வெள்ளை முகம், வெள்ளை மார்பு, மேலே கருஞ்சாம்பல் சட்டையைப் பொத்தான் போடாமல் விட்டதுபோல. வாலை நிமிர்த்தி நிமிர்த்தி, லோங்காங்கை மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி போல நடக்கும். போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னால் அவை செதாவார் புதருக்குள் புல்லையும் இலையையும் அமுக்கி மெத்தை செய்து முட்டையிட்டன. ஒன்று உட்கார, மற்றது காவல். அடுப்படி ஜன்னலிலிருந்து எனக்கு நேராகத் தெரியும்.

என் மகள் வினோதினி அப்போது கல்லூரியில் இடம் கிடைத்து வீட்டில் காத்திருந்தாள். அவளுக்கு நான் அவ்வப்போது எழுதும் தமிழ்க் கட்டுரைகளில் தலைப்பு வரைக்கும் வாசிக்கப் பொறுமை உண்டு. ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“மா, இது தோட்டம் இல்ல. ஜங்கிள்லா.”

“முட்டை பாரு.”

“ஓகே. க்யூட். பட் இன்னும் ஜங்கிள்தான்.”

4

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு கோத்தோங் ரோயோங் என்று அறிவிப்பு வந்தது. எல்லோரும் கூடி இடத்தைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு. காலையில் கத்தி, மதியம் பிரியாணி. நல்ல பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், சுத்தம் என்றால் இங்கே பச்சையாக எதுவும் முழங்காலுக்கு மேல் இருக்கக் கூடாது.

தலைவர் மணியம் அண்ணன். தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களை மேய்த்தவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேன் ஓட்டினாலும் எல்லோருக்கும் மண்டோர்தான். அவரிடம் சொந்தமாகப் புல்வெட்டும் மெசின் உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் முதுகு பத்து வயது குறைந்து நிமிரும். அவர் வாயிலிருந்து ஒரு உத்தரவு வந்து, அது திரும்பி வாய்க்குள் போனதை யாரும் பார்த்ததில்லை.

புதர் முன் நின்று சொன்னார். “ஞாயித்துக்கிழமை இது போயிரும், தங்கச்சி.”

“அண்ணே, உள்ள கானாங்கோழி முட்டை வச்சிருக்கு. ருவாக்-ருவாக்.”

“ருவாக்-ருவாக்கா?” முகம் மலர்ந்தது. “பெரட்டல் போட்டா நல்லா இருக்கும்லா.”

“குஞ்சு பொரிக்கட்டும்ணே. அப்புறம் நானே வெட்டறேன்.”

“பாம்பு வரும். கொசு வரும். டெங்கி வந்தா யாரு பதில் சொல்றது? நீயா, உன் கோழியா?”

ஓடுற தண்ணியில் டெங்கிக் கொசு முட்டை வைக்காது, உங்கள் வீட்டுப் பின்னால் மழைநீர் நிரம்பிக் கிடக்கும் பழைய வேன் டயர்களில்தான் வைக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விருந்தாளி அப்படியெல்லாம் பேசலாமா?

அன்று சாப்பிடாமல் ஜன்னலில் நின்றிருந்தேன் போல. வினோதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

“சும்மா இருங்கம்மா. நான் செட்டில் பண்றேன்.”

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பூவின் படத்தைப் போட்டு, இது பாரம்பரிய மருந்துச் செடி, வெட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டாள். பொய்யில்லை, மருந்தாக உபயோகிப்பவர்கள் உண்டுதான். என் எழுத்தில் தலைப்பைத் தாண்டாத பெண், எனக்காக ஒரு வரி எழுதியிருந்தாள், அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழாக.

சாயங்காலத்துக்குள் குழுவில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்: ‘இதுதான் இன்சுலின் செடி. தினம் ரெண்டு இலை மென்னா சக்கரை ஓடிரும்.’

5

இன்சுலின் செடி என்று ஒன்று இருக்கிறது. செதாவாருக்குப் பங்காளி முறை: சின்னது, ஆரஞ்சுப் பூ. அதை மென்றால் சர்க்கரை ஓடுமா என்பது வேறு பஞ்சாயத்து. என் செடி அது இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் இலை அதே மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுகிறது, மென்றால் அதே மாதிரி லேசாகப் புளிக்கிறது. எங்கள் வரிசையில் சர்க்கரை இல்லாத வீட்டை விரலை மடக்காமல் சொல்லிவிடலாம். தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரில் இனிப்புக் கெட்டிப்பால் தாராளமாக ஊற்றும் நாடு இது.

மறுநாள் விடிய ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் பையோடு வந்தார்கள், கத்தரிக்கோலோடு வந்தார்கள். சிலர் தண்டையே வெட்டி வீட்டில் வைக்கக் கொண்டுபோனார்கள். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: இது அது இல்லை, இது வேறே.

“எங்களுக்குத் தெரியும்மா,” என்று ஓர் அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். நகர்ந்தவுடன் பக்கத்தில் இருந்தவளிடம், “கடல் தாண்டி வந்த ஊர்க்காரில்லா. மருந்தைத் தனக்குன்னு ஒளிச்சு வைக்கப் பாக்கிறா.”

சத்தமில்லாமல் ஒன்று நடந்திருந்தது. கோத்தோங் ரோயோங் பட்டியலிலிருந்து என் வீட்டுப் பின்புறம் நீங்கிவிட்டது. இன்சுலினை யாராவது வெட்டுவார்களா? நான் மறுத்துப் பேசிய குரலும் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். முட்டைமேல் கோழி உட்கார்ந்திருந்தது. ஆள் வந்தால் நழுவி ஓடும். ஆள் போனதும் திரும்பி வரும். நான் புதரில் கூடு இருந்த பக்கத்தில் ஒரு பழைய கட்டிலைச் சாத்திவைத்து, மருந்துக்காரர்களை இந்தப் பக்கமாகவே திருப்பிவிட்டேன். இலை போகட்டும். இலை வரும்.

வெள்ளிக்கிழமை மணியம் அண்ணனின் மனைவி பார்வதி அக்கா பையோடு வந்தார்.

“அண்ணனுக்கு ரொம்ப நம்பிக்கை வந்திருச்சு,” என்றார் சந்தோஷமாக. “மாத்திரைய நிறுத்திட்டாரு. நாலு நாளா வெறும் இலைதான். கொஞ்சம் தலை சுத்துதாம், மருந்து வேலை செய்யுதுங்கிறாரு.”

அந்த மனிதர் தினம் காலையில் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

6

நான் அக்காவோடேயே நடந்தேன். வழியில் நினைத்துக்கொண்டது இதுதான்: உண்மையைச் சொன்னால் நாளை மறுநாள் மெசின் வரும், முட்டை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதை நினைக்க விரும்பவில்லை. கரிசலில் தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கி அடித்துச் சண்டை போட்டவள் நான். எனக்கு ஒரு கோழிக்காக இவ்வளவு யோசனை.

அண்ணன் வாசலில் மெசினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, அது இன்சுலின் செடி இல்ல.”

“சும்மா சொல்லாதே.”

“சத்தியமா இல்லண்ணே. அதோட பூ ஆரஞ்சா இருக்கும். இது வெள்ளை. அந்தச் செடியாவே இருந்தாலும் டாக்டரைக் கேக்காம மாத்திரைய நிறுத்தக் கூடாது. இன்னைக்கே கிளினிக் போங்க. அதுவரைக்கும் வேனை எடுக்காதீங்க.”

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். “மத்தவங்ககிட்ட முனகிக்கிட்டிருந்தே, கேட்டேன். ஏன் என்கிட்ட நேரா வந்து சொல்லல?”

“சொன்னா வெட்டிருவீங்க.”

பார்வதி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். பிறகு மண்டோர் குரல் வந்தது.

“அப்போ குப்பைதானே அது?”

“ஆமாண்ணே. குப்பைதான்.”

“குப்பைன்னா ஞாயித்துக்கிழமை போயிரும்.”

உத்தரவு வெளியே வந்துவிட்டது. நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை சேகர் அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நன்றாகத் திட்டினாராம், மாத்திரை திரும்ப ஆரம்பமாயிற்றாம். கேட்டுக்கொண்டே ஜன்னலில் நின்றேன். புதருக்குள் அந்த வெள்ளை முகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, ஞாயிறு என்றால் என்ன என்று தெரியாமல்.

“இதுக்குத்தான் முதல்லயே களைன்னு சொன்னேன்,” என்றார் சேகர். பிறகு அவரும் கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றார்.

7

ஞாயிறு காலை எல்லோரும் கூடினார்கள். வினோதினி என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் செடிமேல் விழுந்து மறியல் செய்யும் முகத்தோடு நின்றாள். மணியம் அண்ணன் மெசினை மாட்டிக்கொண்டு முன்வாசல்களை முடித்தார், விளையாட்டுத் திடலை முடித்தார், லோங்காங் ஓரமாக வெட்டிக்கொண்டே வந்தார். என் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் மெசின் நின்றது.

குனிந்து அதைத் தட்டினார். கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

“மெசின் ரிப்பேர்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“என்கிட்ட பாராங் இருக்கு மண்டோர்,” என்றார் ஒருவர், கத்தியைக் காட்டி.

“நான் மெசின்ல வெட்டறேன்னு சொன்னேன். மெசின் ரிப்பேர். போ, பிரியாணி ஆறுது.”

சேகர் லோரி எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிறவர். உதவிக்கு முன்னே ஓர் அடி வைத்தார். அண்ணன் பார்த்த பார்வையில் அந்த அடியைப் பின்னால் எடுத்துவைத்தார். மெசினின் சுவிட்சு அணைந்த பக்கம் இருந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

தீபாவளிக்கு மறுநாள், கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் தாயின் பின்னால் இறங்கி, லோங்காங் கரையோடு நடந்து, திரும்பிப் பார்க்காமல் செம்பனைக்குள் போய்விட்டன. அவற்றுக்காக நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு ருவாக்காவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மெசின் சரியாகிவிட்டது. அண்ணன் வந்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புதரை அடியோடு வெட்டித் தள்ளினார். நானே தண்டுகளைக் கூட்டி அள்ளினேன். அள்ளியதை லோரியில் ஏற்றச் சோம்பல்பட்டு, அண்ணனோடு வந்தவர்கள் லோங்காங் கரை நெடுகத் தள்ளிவிட்டுப் போனார்கள். பூமியிலேயே ஈரமான இடத்தில், கணுக் கணுவாக.

8

வினோதினி இப்போது பினாங்கில் படிக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை அழைத்து, சாப்பிட்டாயா என்று நான் கேட்க வேண்டியதை அவள் கேட்பாள். “ஜங்கிள் எப்படிமா?” என்றும் கேட்பாள்.

இன்று குடிநுழைவிலிருந்து திரும்பி, என் புதிய ஒரு வருஷத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டு முனையில் இறங்கினேன். லோங்காங்கின் இரண்டு கரையிலும், கடைசி வீடு வரை, செதாவார் முழங்கால் தாண்டி நிற்கிறது. மருந்துக்கென்று தண்டு கொண்டுபோனவர்களின் வாசல்களிலும் நிற்கிறது. சர்க்கரை போகாவிட்டாலும் பூ அழகாகத்தான் இருக்கிறதாம். மணியம் அண்ணன் வீட்டுப் பின்புறத்தில்தான் நன்றாகத் தழைத்திருக்கிறது. அங்கிருந்த டயர்களைக் காணோம்.

அவர் வேனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“தங்கச்சி! உன் குப்பை என் வீட்டு லோங்காங் வரைக்கும் வந்திருச்சு. உள்ள ஏதோ ருவாக்-ருவாக்னு கத்திக்கிட்டுக் கிடக்கு, தூங்க முடியல. வந்து வெட்டிட்டுப் போ.”

“மெசின் குடுங்கண்ணே, இப்பவே வெட்டறேன்.”

காலையில்தான் அந்த மெசின் திடலில் உறுமியது. சிரம்பான் கிளம்பும்போது நானே காதால் கேட்டேன்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார்.

“மெசின் ரிப்பேர்லா.”